அந்த இரண்டு வினாடி

சமையலறைத் தராசில் இரண்டாவது கேமராவை வைத்துவிட்டு சர்வேயர் குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது படுக்கையறையிலிருந்து விசில் கிளம்பியது. லேசுப்பட்ட விசில் அல்ல. பள்ளி மைதானத்தில் ஆயிரம் பிள்ளைகளை ஒரே ஊதலில் சிலையாக நிற்கவைத்த விசில். தெருவில் சைக்கிளில் போனவர்கூட ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டுத்தான் போனார்.

ஓர் ஊதல் என்றால் தண்ணீர். இரண்டு என்றால் தலையணையைத் திருப்பிப் போட வேண்டும். மூன்று என்றால் சண்டைக்கு வா.

மூன்று கேட்டது. சர்வேயர் தோளுக்கு ஒன்றாக இரண்டு கேமராக்களையும் மாட்டிக்கொண்டு போனார்.

ஜன்னலோரக் கட்டிலில் டீச்சர் கிடந்தார். உடம்பு போர்வைக்குள் இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்க்க வேண்டிய அளவுக்கு வற்றியிருந்தது. குரல் மட்டும் வற்றவில்லை.

"நிறுத்துப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். உன் சிறுத்தைதான் கனம். ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு ஜாஸ்தி."

"நல்லதாப் போச்சு. பின்னால கனம் இருந்தாத்தான் என் பெரிய லென்ஸை மாட்டினா முன்னால சாயாது. போங்க, ஜெயிச்சுட்டேன்."

"கனமா இருக்கிறது எப்படிடீ ஜெயிக்கிறது?"

"தோத்தவருக்குப் புரியாது சர்வேயரே."

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான்: மற்றவர் சொல்வது தப்பு. ஓய்வு பெற்றவர்கள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிப் பொழுதைப் போக்குவார்கள். இவர்கள் கேமரா வாங்கிச் சண்டை போட்டார்கள். சர்வேயருக்கு மலை வேண்டும், பள்ளத்தாக்கு வேண்டும், டிரைபாடை ஊன்றிவிட்டு வெளிச்சம் வரும்வரை மரம்போல நிற்க வேண்டும். டீச்சருக்கு ஓடுவது, பறப்பது, பாய்வது வேண்டும். இரண்டுக்கும் இருந்தது ஒரே கேமரா. போன மழைக்காலத்தில் அதன் ஷட்டர் ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டது. புதிதாக ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்க வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும். எது?

கேமராக் கடைக்காரர் பழைய சினேகிதர். இரண்டு கேமராக்களையும் கொடுத்து, "வச்சுப் பாருங்க, வேண்டாததைத் திருப்பிக் குடுங்க" என்று சொல்லியிருந்தார். வினாடிக்கு முப்பது படம் சுட்டுத்தள்ளுகிற, சத்தமே போடாத வேகக்காரனுக்கு டீச்சர் வைத்த பெயர் சிறுத்தை. அறுபது மெகாபிக்சலில் மலையின் ஒவ்வொரு பாறையையும் எண்ணிக் காட்டுகிற நிதானக்காரனுக்கு அவரே வைத்த பெயர் யானை. வேண்டாததை வாங்கிப்போகக் கடை ஆள் இன்று சாயங்காலம் வருகிறார்.

"உங்க யானை தும்பிக்கையைத் தூக்கறதுக்குள்ள பறவை முட்டை வச்சுக் குஞ்சு பொரிச்சுடும்."

"யானைல எடுத்தா தூரத்துப் பறவையை வெட்டிப் பெரிசாக்கிக்கலாம்."

"ஃபோகஸ் இல்லாத பறவையை வெட்டினா என்ன, ஒட்டினா என்ன? சிறுத்தை தானாவே கண்ணைத் தேடிப் புடிக்குது. இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவை என் கண்ணைப் பார்த்துப் பேசியிருப்பீங்களா? அந்த மிஷின் பார்க்குது."

"முப்பது படத்துல இருபத்தொம்பதைக் கழிச்சுக்கட்ட ஒரு ஆள் வேணுமே."

"அதுக்குத்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு டீச்சர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். சர்வேயர் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

சுவரில் பெரிய சட்டத்துக்குள் ஒரு புல்வெளிப் படம் தொங்கியது. மலையைப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விரலின் நடுக்கம்கூடப் படத்தில் விழக்கூடாதென்று, பொத்தானை அமுக்கி இரண்டு வினாடி கழித்துப் படம் விழும்படி டைமர் வைப்பார்கள். வேலை முடிந்ததும் அதை நீக்க வேண்டும். சர்வேயர் ஒரு நாள் மறந்தார். அன்றைக்குப் பார்த்துக் காட்டுப் பாதையில் நிஜச் சிறுத்தை ஒன்று குறுக்கே வந்து நின்றது. டீச்சர் பதறாமல் கேமராவைத் தூக்கி அமுக்கினார். முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு மினுக், மினுக் என்றது. சிறுத்தை விளக்கைப் பார்த்தது, கொட்டாவி விட்டது, சோம்பல் முறித்தது (வருடத்துக்கு வருடம் அது செய்த காரியங்கள் கூடிக்கொண்டே போயின), புதருக்குள் மறைந்தது. பிறகு படம் விழுந்தது. புல். மிக அருமையான புல். டீச்சர் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, சர்வேயர் விழித்ததும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

வாசலில் செருப்புச் சத்தம். டீச்சரின் தங்கை, கையில் ஃபிளாஸ்க்கும் கண்ணில் கொள்ளிக்கட்டையுமாக வந்தாள். அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அத்தானை நடைக்கு வரும்படி சாடை காட்டினாள்.

"மனுஷனா அத்தான் நீங்க? கிடையில கிடக்கிறவகிட்ட மல்லுக்கு நிக்கறீங்களே. அவ ஆசைப்பட்டதை வாங்கிக் குடுத்தா உங்க மலை இடிஞ்சு விழுந்துடுமா?"

"விழும்," என்றார் சர்வேயர்.

"கல்லு. உங்களுக்கு நெஞ்சுல இருக்கறது கல்லு."

காரணத்தைச் சொன்னால் புரிகிற ஆளா அவள்? டாக்டர் கொடுத்த கெடு தாண்டி எத்தனையோ நாள் ஆகிவிட்டது. "ஆச்சரியமா இருக்கு" என்று டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை உதறிப் பார்த்தார். சர்வேயருக்கு ஆச்சரியமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் திடீரென்று இரக்கம் வந்துவிட்டது. மனைவி எவ்வளவு சீண்டியும் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பால் ஆறி ஆடை கட்டியது. கை சில்லிட்டது. பயந்துபோன சர்வேயர் கட்டில் அருகில் நின்று, "யானைதான் உருப்படியான கேமரா, சிறுத்தை வெறும் பொம்மை" என்று கத்தினார். டீச்சர் திரும்பினார். தலையணையை உயர்த்தச் சொன்னார். பாலைக் குடித்தார், பேசத் தெம்பு வேண்டுமே. அன்றோடு சர்வேயர் இரக்கப்படுவதை அடியோடு நிறுத்திவிட்டார். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவள் அல்ல அவள். ஆகவே சண்டை முடியக்கூடாது. அவ்வளவுதான் அவருடைய வைத்தியம்.

கொல்லைப்பக்கம் மைத்துனி போனில் பேசுவது கேட்டது. முடித்துவிட்டு விறுவிறுவென்று படுக்கையறைக்குள் போனாள். சர்வேயர் பின்னாலேயே ஓடினார்.

"அக்கா, கடைக்குச் சொல்லிட்டேன். உன் சிறுத்தையையே வச்சுக்கறோம்னு சொல்லிட்டேன். முடிஞ்சது. நீ நிம்மதியா இரு."

டீச்சரின் முகம் மலரவில்லை. "அவர் ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டார்."

டீச்சரின் கை போர்வைமேல் தளர்ந்து விழுந்தது. பார்வை சுவர்ப்பக்கம் நகரத் தொடங்கியது.

"நான் ஒத்துக்கலை!" சர்வேயர் போட்ட சத்தத்தில் ஜன்னலுக்கு வெளியே பட்ட மரத்திலிருந்த மரங்கொத்தி பொந்துக்குள் தலையை இழுத்துக்கொண்டது. "என் உசிரே போனாலும் ஒத்துக்க மாட்டேன்! யாரைக் கேட்டுப் போன் பண்ணினே?"

"பாவி மனுஷா! செத்துக்கிட்டிருக்கிறவ முன்னாடி..."

"ஏய், நீ போடி," என்றார் டீச்சர் தங்கையிடம். "தலையணையை உசத்துங்க சர்வேயரே. அந்தப் பால் எங்கே?"

தங்கை ஃபிளாஸ்க்கை டொக்கென்று வைத்துவிட்டு வெளியேறினாள். மத்தியானம் முழுவதும் சண்டை நடந்தது. பேட்டரியில் ஒரு சண்டை. மழைத்தூறலுக்கு எது தாங்கும் என்பதில் ஒரு சண்டை. பாறை எண்ணி யார் சோறு சாப்பிட்டார்கள் என்று ஒரு சண்டை. நடுவில் டீச்சர் இரண்டு கேமராக்களையும் கேட்டு வாங்கி மார்பின்மேல் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டே சக்கரங்களைத் திருப்பிப் பார்த்தார். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியும். முகத்தில், பரீட்சை அறையில் பிட்டைக் கண்டுபிடித்த வாத்தியாரம்மாவின் களை ஒன்று வந்து போனது.

"எடுத்துக்குங்க," என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு தலையணையில் சரிந்துகொண்டார்.

"களைப்பா இருக்கா? தோல்வியை ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்," என்றார் டீச்சர். "உங்க யானையையே வாங்கிக்குங்க."

சர்வேயர் கட்டிலை நெருங்கினார். "என்ன சொன்னே?"

"இனிமே உங்களுக்குத்தானே வேணும். மலையை எடுங்க. நல்லாத்தான் எடுப்பீங்க."

நல்லாத்தான் எடுப்பீங்க. இத்தனை வருடத்தில் இந்த வீட்டின் கூரைக்குக் கீழ் அப்படி ஒரு சொல் உச்சரிக்கப்பட்டதே இல்லை. சர்வேயர் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"ஏய். யானை வினாடிக்குப் பத்துப் படம்கூட எடுக்காது. தெரியுமில்ல?"

சர்வேயர் இன்னும் குனிந்தார்.

"கண்ணைத் தேடாது. இருட்டுல தடவும். கேட்குதா?"

மூச்சு எங்கோ தூரத்தில் படி ஏறி இறங்குவதுபோல இருந்தது. சர்வேயர் அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். எறிவதற்கு ஏதாவது வேண்டும். சுவரில் புல் தொங்கியது.

"அந்த டைமர்," என்றார் அவர், குரலை உயர்த்தி. "மறந்துபோய் விடலை. வேணும்னேதான் விட்டேன். உனக்குச் சிறுத்தை கிடைச்சுடக் கூடாதுன்னுதான் விட்டேன். கேட்டுக்கோ!"

டீச்சரின் கண் திறந்தது. அவரை நேராகப் பார்த்தது. உதட்டின் ஒரு மூலை மேலே போனது.

"பொய்," என்றார். காற்றாகத்தான் வந்தது. "அவ்வளவு சாமர்த்தியம்... உங்களுக்கு ஏது?"

அவர் பதிலடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது கிடைத்து, வாயைத் திறந்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை.

நிலைப்படியில் மைத்துனி நின்றுகொண்டிருந்தாள். முதலில் அக்காவிடம் ஓடினாள். அழுது, உலுக்கி, போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் அவரிடம் திரும்பினாள்.

"வேணும்னே செஞ்சீங்களா? கடைசி மூச்சுல அதைச் சொல்லிக் காட்டத்தான் உட்கார்ந்திருந்தீங்களா?"

அக்காவே அதைப் பொய் என்று சொல்லிவிட்டுப் போனாள் என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர் தரையில் கிடந்த விசிலை எடுத்து, வேட்டி முனையால் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு மணி நேரத்துக்குள் ஆட்கள் வந்தார்கள். வாடகை நாற்காலிகள் வந்து இறங்கின. பழைய மாணவிகள் நான்கு பேர் டீச்சரைக் கூடத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். மைத்துனி வந்தவர்களிடமெல்லாம் வாயை மூடிக்கொண்டு கண்ணால் அவரைக் காட்டினாள். யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. அவர் காலிக் கட்டில் கிடந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

மலை சிவக்கத் தொடங்கியிருந்தது. இந்த வெளிச்சத்தை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. மேஜைமேல் இரண்டு கேமராக்களும் இருந்தன. யானையைத்தான் எடுத்திருக்க வேண்டும். கை சிறுத்தையை எடுத்தது.

மரங்கொத்தி பொந்திலிருந்து தலையை நீட்டியது. பிறகு முழுவதும் வெளியே வந்து, உச்சிக் கொண்டையில் வெயில் பட உட்கார்ந்தது. டீச்சர் இதற்காக எத்தனை சாயங்காலம் காத்திருந்தார்! சர்வேயர் குறி பார்த்தார். கேமரா பறவையின் கண்ணைத் தானாகவே கண்டுபிடித்துச் சின்னக் கட்டம் போட்டது. அமுக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது. மினுக். மினுக்.

பறவை பறந்தது. படம் விழுந்தது.

திரையில் காலிப் பொந்து. பின்னால் மலை, ஒவ்வொரு பாறையும் எண்ணும்படி.

அவர் அவசரமாக யானையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதில் டைமர் இல்லை. எதுவுமே மாற்றப்படவில்லை. மத்தியானம் மார்பின்மேல் வைத்துச் சக்கரத்தைத் திருப்பியவள், அவர் கை எதை எடுக்கும் என்று தெரிந்தேதான் திருப்பியிருக்கிறாள்.

"அடிப்பாவி!" என்றார் உரக்க. கூடத்தில் அழுகை ஒரு கணம் நின்றது.

கதவு திறந்தது. மைத்துனியின் முகம் எரிந்தது. "இன்னும் என்ன பேசணும் அவளை? வாசல்ல கடை ஆள் வந்து நிக்கறார். எதையாவது குடுத்து அனுப்பித் தொலைங்க."

கடை ஆள் நாற்காலி வரிசைக்கு அப்பால், செருப்புக் குவியலை மிதிக்காமல் ஒதுங்கி நின்றார். விஷயம் தெரியாமல் வந்துவிட்ட சங்கடத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மன்னிக்கணும் சார். போன்ல சொன்ன கேமராதானான்னு முதலாளி கேட்டார்... பிறகு வரட்டுமா?"

"பிறகு வாங்க," என்றார் சர்வேயர். "வீட்டுல இன்னும் முடிவாகலை."

அந்த ஆள் கூடத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சர்வேயர் அறைக்குத் திரும்பி, சிறுத்தையை டிரைபாடில் மாட்டி, காலிப் பொந்தை நோக்கித் திருப்பினார். டைமர் இருக்கிற இடம் அவருக்குத் தெரியும். அதைத் தொடவில்லை. பொத்தானை அமுக்கிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பார்த்தபடி நின்றார்.