டெனர் சாக்ஸபோன் தங்கிய வீடு

எங்கள் நகரத்து ஜாஸ் இசைக்குழு, மக்களுக்கு இசையறிவு ஊட்டும் திட்டத்தின் கீழ், ஒவ்வொரு வாத்தியத்தையும் பதினைந்து நாள் ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்கவைக்கிறது. வாத்தியம் அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடும், பேச்சைக் கேட்கும். பிறகு திரும்பி வந்து ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியில் கலந்துகொள்ளும். கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் என் வேலை. பியானோவை மட்டும் மாடி வீடுகளுக்கு அனுப்புவதில்லை. அதற்கு மூட்டு வலி.

சென்ற மாதம் டெனர் சாக்ஸபோனைப் பரஞ்ஜோதி வீட்டில் விட்டேன். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி ஆவுடைத்தங்கம் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். இருவரும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அந்த அம்மாளின் தம்பி கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அம்மாள் சொல்ல, பரஞ்ஜோதி படத்துக்கு வெளியே போய் நின்றுவிட்டார். அன்றிலிருந்து தள்ளியேதான் நிற்கிறார். மகள் வீட்டில் இருந்தவரை இருவரும் அவளிடம் சொல்லி, அவள் மூலமாகப் பேசிக்கொண்டார்கள். அவளும் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபின் தையல் மெஷின் சத்தம் மட்டுந்தான். படிவத்தில் 'வீட்டின் ஒலிகள்' என்ற இடத்தில் அதை எழுதிக்கொண்டேன்.

எட்டாம் நாள் பார்வையிடப் போனேன். சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் நடுவே சாக்ஸபோன் உட்கார்ந்திருந்தது.

"அவியகிட்ட சொல்லு, ரசம் ஆறுதுன்னு" என்றார் அம்மாள் அதனிடம்.

சாக்ஸபோன் எதையும் கேட்டபடியே திருப்பிச் சொல்லாது. அது வளர்ந்த விதம் அப்படி. வாக்கியத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, இழுத்து, கடைசியில் லேசாக நடுங்கவிட்டு அவரிடம் சொன்னது. அவர் காதில் அது, அவருக்காக அம்மாள் இன்னும் சாப்பிடாமல் காத்திருப்பதாக விழுந்தது.

"அவளையும் உக்காந்து சாப்பிடச் சொல்லு" என்றார்.

அம்மாள் பக்கம் போகும்போது இந்த வாக்கியம் இன்னும் குழைந்தது. அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு ரசம் ஊற்ற மறந்துவிட்டார்கள். நானும் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள் அழைத்துவரப் போனபோது அம்மாள் வாசலை மறித்து நின்றார்.

"சார், இத விட்டுட்டுப் போயிருங்க. இது போச்சுன்னா இந்த வீட்டுல மறுபடியும் பேச்சே இருக்காது."

பரஞ்ஜோதி சாக்ஸபோனுக்குக் குளிருமென்று தன் பழைய காக்கிச் சட்டையைப் போர்த்தி மடியில் வைத்திருந்தார். ஆனாலும் கச்சேரியில் டெனர் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. குழுவின் தலைவி டெய்சிராணிக்கு, எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டு, போன் செய்தேன்.

"கேட்டத அப்படியே திருப்பிச் சொல்லாத எதையாவது உக்கார வைங்க, போதும்" என்றார்.

"அந்த நாற்காலிக்கு நான் போறேன்னு அவகிட்ட சொல்லு" என்றார் பரஞ்ஜோதி சாக்ஸபோனிடம்.

"அவியளும் போயிட்டா, நீயும் நானும் யாரப் பத்திப் பேசுறது?" என்றார் அம்மாள் அதனிடம்.

இதைக் கொண்டுபோய்ச் சேர்க்க சாக்ஸபோன் வெகுநேரம் எடுத்துக்கொண்டது. சேர்ந்தபோது, அம்மாளும் கூட வருகிறார் என்று பொருள்பட்டது. எனவே இருவரும் கிளம்பினார்கள். சாக்ஸபோன் வீட்டைப் பார்த்துக்கொள்ள இருந்துவிட்டது.

கச்சேரி அன்று மாலை நான்கு மணிக்கு, மேல்நிலைப் பள்ளி அரங்கில். டெனர் நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்தார்கள். மூன்றாவது பாட்டில் அவர்கள் தனியாக வாசிக்கவேண்டிய இடம் வந்தது. டெய்சிராணி கை காட்டினார். மற்றவர்கள் நிறுத்தினார்கள். டிரம்ஸ்காரர் மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே ஒன்றும் இல்லை. இவர் தரையைப் பார்த்தார், அவர் விளக்கைப் பார்த்தார். கச்சேரி கெட்டால் கெட்டுப்போகட்டும். இப்போதும் வாய் திறக்காவிட்டால் இந்த இரண்டு பேரும் இனி எப்போதும் திறக்கப்போவதில்லை என்று தோன்றியது. டிரம்ஸ்காரர் நான்கு சுற்று பொறுத்தார்.

"ஏங்க" என்றார் அம்மாள். "கேஸ ஆஃப் பண்ணுனீங்களா?"

பரஞ்ஜோதி நிமிர்ந்து அவரையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பண்ணிட்டேன் தங்கம். பாலையும் மூடி வச்சிருக்கேன்."

"கதவு?"

"அது உள்ள இருக்கும்போது எப்படிப் பூட்ட?"

அதன்பின் அவர்கள் நிறுத்தவில்லை. மகள் போன் செய்யாதது, பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய், கல்யாணப் படத்தில் பாதி தெரியும் அவருடைய செருப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. டிரம்பெட்டுகள் வழிவிட்டு ஒதுங்கின. முன்வரிசை மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். பியானோ ஒரு முறை எதிர்வாதம் செய்தது. அம்மாள் அதை அடக்கினார்.

முடிந்ததும் விதிப்படி இருவரையும் மென்மையான துணியால் துடைத்து, பெட்டியில் வைத்தேன். பெட்டி ஒரு டெனர் சாக்ஸபோன் அளவு. இருவரும் ஒரே பக்கமாக ஒருக்களித்துப் படுத்ததும் சரியாக இருந்தது. மூடியைச் சாத்தி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். உள்ளே பேச்சு ஓயவில்லை. முதல் வேகத்தடையில், "மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்று அம்மாள் அவரிடம் சொல்வது கேட்டது. அவர் உள்ளிருந்தபடி, பஸ்ஸைத் தட்டுவதுபோல், பெட்டியை இரண்டு தட்டு தட்டினார். நான் மெதுவாக ஓட்டினேன்.