சைக்கிள் சாவி ஒட்டிய கல்

சூயிங்கத்தைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால், உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன். மென்று முடித்ததைத் தாளில் மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டால் என்ன, கையா தேய்ந்துவிடும்? துப்புவது அவர்கள், குனிவது நாங்கள். நானும் என் நாத்தனாரும்தான் இந்தத் தெருவின் நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம். அவள் இயந்திரத்தால் நீராவி அடித்து இளக்குவாள், நான் சுரண்டுவேன்.

பழைய தியேட்டர் வாசலில் ஒரு கல்லை மட்டும் நாங்கள் தொடுவதில்லை. அதில் காய்ந்து கறுத்த ஒரு பொட்டு, அதற்குள் ஒரு சாவி நுனி. துப்பிய புண்ணியவான் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்.

இப்போது தியேட்டர் ஷட்டர் போட்டுக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் வாசலில் கூட்டம் அலைமோதும். எனக்கோ நீராவியும் கிடையாது ஒன்றும் கிடையாது, துடைப்பமும் வாளியும்தான். ஒரு நாள் நான் கழுவி நிமிர்வதற்குள், அங்கே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த ஒரு ஒல்லிக்குச்சி, ஈரம் காயாத கல்லில் துப்பிவிட்டு அதைச் செருப்பால் மறைத்துக்கொண்டு நின்றது.

"ஏன்யா, கண்ணு பொடனியிலயா இருக்கு? காலை எடு! நீயே சுரண்டு!"

பதறிப்போய்ச் சைக்கிள் சாவியால் சுரண்டினார். சாவி முறிந்து, நுனி அதிலேயே மாட்டிக்கொண்டது. பூட்டிய சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் தள்ளாடித் தள்ளாடி வீட்டுக்குப் போனதைப் பார்த்து, எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

மறுநாள் விடவில்லை. "எங்க, இன்னும் சுரண்டலையா?"

"நாளைக்கு."

தினமும் அதே கேள்வி, அதே பதில். அதைக் கேட்பதற்காகவே தலையை ஒழுங்காகச் சீவிக்கொண்டு வேலைக்கு வர ஆரம்பித்தேன். கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்ற பிறகும், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் விலாவில் இடித்துக் கேட்பேன். "நாளைக்குக் கண்டிப்பா" என்பார். போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த ஒரு வேலையை முடிக்காமலேயே.

இன்று காலை புது மேஸ்திரி வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கழுகுக் கண்.

"என்னம்மா, தெருவே பளிச்சுனு இருக்கு, இங்க மட்டும் திருஷ்டிப் பொட்டா? மதியம் மேலதிகாரிங்க பாக்க வர்றாங்க. ஒரு சூயிங்கம் இருந்தாலும் தெருவை வேற ஆளுங்களுக்குக் குடுத்துடுவாங்க. எடுத்துருங்க."

தெரு போனால் எங்கள் இரண்டு பேருக்கும் வேறு பிழைப்பு இல்லை. பொட்டு போனால், அவரோடு சண்டை போட எனக்கு வேறு இடம் இல்லை.

"நீயே எடுத்துத் தொலை, நான் போய்த் தண்ணி கொண்டாறேன்" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு வாளியோடு நடந்தேன். திரும்பி வந்தபோது இயந்திரத்தை நிறுத்தியிருந்தாள். ஒரு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தானையில் கண்ணைத் துடைத்தாள்.

"என்னால முடியல அண்ணி. அண்ணன் ஞாபகமாவே இருக்கு."

"அழாத. நீ ஆவிய அடி, நான் சுரண்டுறேன். உங்கண்ணன் என்னைக்குத்தான் சொன்ன வேலையைச் செஞ்சிருக்காரு?"

ஆவி பட்டதும் அது இளகிவிட்டது. சுரண்டியால் ஒரே இழுப்பு, அவ்வளவுதான். சாவி நுனி துருப்பிடித்துப் பொடியாக உதிர்ந்தது.

அடியில் வட்டமாக ஒரு வெளிறிய தடம். வெயிலும் செருப்பும் படாமல், அன்று நான் கழுவிவிட்ட கல் கழுவின மாதிரியே இருந்தது. இப்படித் தடம் தெரிந்தால் முழுக் கல்லையும் பிரஷ்ஷால் தேய்த்து ஒரே நிறமாக்கிவிடுவது எங்கள் வழக்கம்.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "கம் போயிடுச்சுல்ல, அது போதும்" என்று நகர்ந்தார்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிரஷ்ஷை எடுத்து வந்தாள். "கல்லைத் தேய்ச்சிடலாமா அண்ணி?"

"நாளைக்கு" என்றேன்.