பின்சுவரைப் பார்வையிடப் போனவர்

திருவண்ணாமலை திருவூடல் தெருவில் பலராமன் நடத்திவந்த வளையல் கடைக்குள், அந்தக் கட்டிடத்தின் சொந்தக்காரர் ஸ்ரீபால நயினார் 1974ஆம் வருடம் ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு நுழைந்தார். வாசற்படியிலிருந்து பின்சுவர் வரைக்கும் இருபத்திரண்டு அடி. அதைக் கடக்க அவருக்கு எட்டு வருடமும் ஐந்து மாதமும் ஆயிற்று. அந்த ஆவணியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விலையும் சரிந்தது. ஊரில் இரண்டு சேதியையும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள், மல்லாட்டையைக் கொஞ்சம் உரக்க.

நயினார் சோம்பேறி இல்லை. கால் ஊனமும் இல்லை. அவர் கையாலேயே எழுதிய ஒரு வரிதான் அவரைப் பிடித்துக்கொண்டது. அவருடைய அப்பா காலத்தில், பெரிய நயினார் சுவரை அளக்கிறேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் நூல்கயிறோடு கடைக்குள் புகுந்தார். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு வளைகாப்பு வளையல் போட்டுக்கொண்டிருந்த நேரம். தோள் இடித்து ஒரு தட்டு முழுக்கச் சரிந்தது. உடைந்த கண்ணாடி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைக் கிழித்தது. பெரிய நயினார் அன்றைக்குச் சாயங்காலமே அதை மறந்தார். பத்து வயது மகன் மறக்கவில்லை. வளர்ந்து கட்டிடம் தன் கைக்கு வந்ததும், வாடகைப் பத்திரத்தில் மகன் எழுதினார்: சொந்தக்காரர் கட்டிடத்தைப் பார்வையிட மூன்று நாள் முன்னதாக அறிவித்துவிட்டு வரலாம், வந்தால் வாடகைதாரரின் வியாபாரத்துக்கும் வாடிக்கையாளருக்கும் நூலளவும் இடைஞ்சல் வரக் கூடாது. இப்படி எழுதுகிறவர்கள் ஊரில் நிறைய உண்டு. எழுதியதைப் பத்திரத்தோடு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நயினாரோ கிராமத்து ஜினாலயத்துக்குப் போய் பகவான் முன்னால் அதையே விரதமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தப்பு அங்கேதான் நடந்தது.

பின்பக்கச் சந்தில் நடந்துபோனபோது பின்சுவரில் விரலளவு விரிசல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. கூரையைத் தாங்கும் தேக்கு உத்தரத்தின் நுனி அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருந்தது. உள்ளிருந்து பார்த்தால்தான் நிலைமை தெரியும். முறைப்படி ஒரு தபால் கார்டு போட்டார். மூன்று நாள் கழித்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார்.

கடைக்குள் இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி வளையல். நடுவில் ஒன்றரை அடி நடை. அதில் ஆறு பெண்கள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நில்லுங்க நயினாரே, கூட்டம் கலையட்டும்” என்றான் பலராமன்.

நயினார் நின்றார். அவருக்குப் பின்னால் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்த ஒன்பது பெண்கள் உட்கார்ந்தார்கள். கூட்டம் கலையவில்லை. கடை அடைத்த பிறகு போகலாமென்றால், கண்ணாடிக்குக் காவலாகப் பலராமன் அந்த நடையில்தான் பாய் விரித்துப் படுப்பான். படுத்திருப்பவனைத் தாண்டுவது நல்லதில்லை. வெளியே வரலாமென்றால் மறுபடி கார்டு, மறுபடி மூன்று நாள், மறுபடி முதல் அடி. ஒருத்தி எழுந்து இன்னொருத்தி உட்காரும் இடைவெளியில் கால் விரல் அளவு நகர்ந்தார். அப்படிக் கணக்குப் பார்த்தால் அவர் ஒன்றும் மெதுவாகப் போகவில்லை.

அவர் மனைவி கனகலதா இரண்டு தெரு தள்ளி இருந்தார். முதல் நாள் மாலை தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். சமணர் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடு கிடையாது. பாத்திரம் பெண்களின் தலைக்கு மேலே கைமாறிக் கைமாறி உள்ளே போயிற்று. காலி பாத்திரம் அதே வழியில் திரும்பி வந்தது. இது தினப்படி வேலையாகிவிட்டது. தீபத் திருவிழாக் காலத்தில் மட்டும் சிக்கல். மலை மேற்கே இருப்பதால் அந்தத் தெருவில் பொழுது முந்திச் சாயும். பாத்திரம் பாதி வழி போவதற்குள் வெயில் போய்விடும். நயினார் மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்புவார்.

“மலைக்கு அந்தாண்ட சூரியன் இன்னும் இருக்குதுங்க. சாப்பிடுங்க!” என்று வாசலில் நின்று கத்துவார் கனகலதா.

“எனக்குத் தெரியலையே கனகா” என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

யார் மேலும் இடிக்கக் கூடாது என்று ஒடுங்கி ஒடுங்கி, மூன்றாம் வருடம் நயினாரின் தோள் ஒரு சாணாகக் குறைந்தது. ஆறாம் வருடம் பக்கவாட்டில் திரும்பினால் ஆளே தெரியாது. வேட்டி மட்டும் தொங்கும். செங்கத்துக்காரி ஒருத்தி, “இன்னாய்யா பலராமா, திருஷ்டி பொம்மைய வாசல்ல கட்டுவாங்க, நீ நடுக் கடையில நிக்க வச்சிருக்க” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நயினாரும் சிரித்தார், சத்தம் வராமல். மகள் சுனந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அவள் வளையல் போட்டுக்கொள்ள வந்து நடையில் உட்கார்ந்தாள். அப்பா அப்போது பதினோராவது அடியில் இருந்தார். கையை நீட்டித் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணினார். கல்யாணத்துக்கு வரவில்லை.

கனகலதா கேட்டது ஒன்றே ஒன்று. “பலராமா, ஒரே ஒரு நாள் கடையச் சாத்துப்பா. அவர் போய்ச் சுவத்தைப் பாத்துட்டு வூட்டுக்கு வரட்டும்.”

“சாத்தறேம்மா. நான் இன்னா ராட்சசனா? இந்தக் கார்த்திகை போவட்டும்.”

கார்த்திகை போனதும் பொங்கல் போகட்டும் என்றான். பொங்கல் போனால் முகூர்த்த மாசம். ஆடியில் பூரம், அம்மனுக்கே வளையல். ஆவணியில் மறுபடி முகூர்த்தம். வளையல் இல்லாத மாதம் என்று ஒன்றைப் பஞ்சாங்கத்தில் தேடித் தேடிக் கனகலதாவுக்குக் கண்ணாடி போடும்படி ஆயிற்று. பலராமன் கெட்டவன் இல்லை. நயினார் சாய்ந்துகொள்ள ஒரு தலையணை கொடுத்திருந்தான். ஒரு நாளை மட்டும்தான் அவனால் கொடுக்க முடியவில்லை. விரிசலோ யாரையும் கேட்காமல் அகலமாகிக்கொண்டிருந்தது.

1983 தை மாதம் இரண்டாம் நாள் திருவூடல் வந்தது. அன்றைக்கு அந்தத் தெருவில் அண்ணாமலையாருக்கும் அம்மனுக்கும் சண்டை. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஊருக்கே சொந்தக்காரர் வெளியே நிற்பார். மறுநாள் மலையைச் சுற்றி வந்த பிறகுதான் சமாதானம். சாமி தெருவுக்குள் வந்ததும் வளையல் கடையிலிருந்த பெண்கள் எல்லாரும் வெளியே ஓடினார்கள். பலராமனும் சூடத்தோடு வந்து நின்றான். கனகலதா பாத்திரத்தைக் கீழே வைத்தார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்ட கதவுப் பலகைகளை வரிசையாகச் சொருகினார். பூட்டினார்.

“யம்மா, இன்னா பண்றீங்க! யாவாரம்!”

“சாமிக்கே கதவைச் சாத்தியாச்சு. உனக்கு ஒரு நாள் வெளிய நின்னா இன்னா?”

தெரு மொத்தமும் சிரித்தது. கதவைச் சாத்திய பெண்பிள்ளையை எதிர்த்துப் பேச அன்றைக்கு அந்த ஊரில் எவனுக்கும் வாய் வராது. பலராமன் மச்சான் வீட்டுக்குப் போனான். கனகலதா சாவியை மடியில் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அடுத்த நாள் சாமி மலை சுற்றித் திரும்பி, கோயில் கதவு திறந்த பிறகுதான் எழுந்தார்.

பலகைகளை எடுத்ததும் வெளிச்சம் கடைசி வரைக்கும் போயிற்று. ஒரு வளையல் உடையவில்லை. நயினார் பின்சுவரில் இருந்தார். உள்ளங்கை விரிசலை மூடியிருந்தது. உத்தரத்தின் நுனி அவர் தோள்மேல் உட்கார்ந்திருந்தது.

“பாத்தாச்சு இல்ல? வாங்க, போலாம்” என்றார் கனகலதா.

“தோளை எடுத்தா உத்தரம் இறங்கிடும் கனகா. பலராமன் கடை போயிடும். அவனுக்கு நான் அறிவிப்பும் குடுக்கலை.”

“கொத்தனாரைக் கூட்டியாறேன்.”

கொத்தனார் அருணகிரி வந்து பார்த்தார். பதினைந்து நாள் கடையைக் காலி பண்ணினால் கட்டித் தருவதாகச் சொன்னார். பலராமன் தலையைச் சொறிந்தான். “மாசி மகம் போவட்டும்மா” என்றான். எட்டரை வருடமாகக் கேட்ட ஒரு நாள் கைக்குக் கிடைத்து, அந்த ஒரு நாளாலேயே வீட்டுக்காரர் சுவரோடு போனதை எண்ணி, கனகலதா அங்கே அழவில்லை. அழுதால் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்துவிடுவார்கள்.

அதன்பிறகு நயினாரின் முதுகு சுண்ணாம்பின் நிறத்துக்கு வந்தது. 1986இல் பத்திரத்தைப் புதுப்பித்தபோது இடது கையால் கையெழுத்துப் போட்டார். அந்த வரியை மாற்றச் சம்மதிக்கவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் ஆதிமூலம் கண்ணையும் வாயையும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் அடித்தான்.

இருபத்திரண்டு அடி தள்ளியிருப்பவருக்கு எந்த மாதத்திலும் பாத்திரம் பொழுதோடு போய்ச் சேரவில்லை. திறக்காமலே திரும்பி வந்துகொண்டிருந்தது. 1987 ஆவணியில் கனகலதா கடைக்கு ஒரு கார்டு போட்டார்: ‘வருகிற புதன்கிழமை என் வீட்டுக்காரரைப் பார்க்க வருகிறேன். தங்கள் வியாபாரத்துக்கு இடைஞ்சல் வராது.’ பலராமன் அதைப் பழைய கார்டோடு சேர்த்து ஆணியில் குத்திவைத்தான்.

வட ஆர்க்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான அன்று கனகலதா ஆறாவது அடியில் நின்றிருந்தார். சுனந்தா தினமும் இரண்டு பாத்திரம் கொண்டுவருகிறாள். ஒன்று அம்மாவுக்கு. மற்றதை அம்மா வாங்கி உள்ளே அனுப்புகிறார். வளையல் போட்டுக்கொள்ள வருகிறவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள். இதுவரைக்கும் ஒன்றும் உடையவில்லை.