கைக்கு வராத லாபம்

படியிலிருந்து அரிசி விழுகிறது, லாபம் என்கிறார் அப்பா, ஒன்று என்று சொல்லமாட்டார், யாவாரம் பண்ணுகிறவன் எண்ணிக்கையை லாபத்தில்தான் தொடங்க வேண்டும், லாபம், ரெண்டு, மூணு என்று ராகம் போட்டு இழுத்துக்கொண்டே அளக்கிறார், அரிசி சாக்குக்குள் சர்ரென்று இறங்குகிறது, தவிட்டு வாசனை மூக்கில் ஏறுகிறது, இல்லை, இது ஊதுபத்தி வாசனை, வடகாசி கண்ணைத் திறந்து பார்த்தாள், எதிரே ஐஸ் பெட்டிக்குள் அவள் புருஷன் தர்மரத்தினம் படுத்திருந்தார், நெற்றி நிறையத் திருநீறு, மூக்கில் பஞ்சு, நேற்று மத்தியானம் ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தலையைச் சாய்க்கிறேன் என்று போனவர், காப்பியோடு போய் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான், ஒரு மனுஷன் போவதற்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை போலிருக்கிறது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் இன்னும் குடத்தோடு திரும்பவில்லை, மகள் ரூபகலா மதுரையிலிருந்து விடியற்காலை வந்தவள் அழுது அழுது தொண்டை கட்டி மூலையில் சுருண்டிருக்கிறாள், வடகாசிக்கு அழுகை வரவில்லை, அண்ணாந்து உத்தரத்தைப் பார்க்கிறாள், சுவரைப் பார்க்கிறாள், அவள் அப்பா அரிசிக் கடையில் சேர்த்த காசில் கட்டி அவள் பெயருக்கே எழுதிக் கொடுத்த வீடு, இந்த வீடும் போகப்போகிறதே, இவரும் போய்விட்டாரே, எதை முதலில் அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் அடுப்படியில் உலைக்கு அரிசி அளந்துகொண்டிருக்கிறாள், லாபம் என்று வாய் தானாகச் சொல்கிறது, பின்னால் ஒரு சிரிப்பு, தர்மரத்தினம் நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறார், நாம திங்கிற சோத்துலயும் உங்க வீட்டுல லாபம் பார்ப்பீகளோ, என்கிறார், அவள் வெட்கப்பட்டுப் படியை அரிசிக்குள் கவிழ்த்துவிடுகிறாள், அன்றிலிருந்து அவளைச் சீண்ட அவருக்கு அது ஒன்று போதும், வெளியூர் போய்விட்டு வந்தால் வாசலிலேயே என்ன, இன்னைக்கு எத்தனை லாபம் வடிச்ச, என்று கேட்பார். அவருக்கு உளுந்து யாவாரம், கமிஷன் கடையில் வாங்கித் தன் மில்லில் உடைத்துக் கொல்லத்துப் பார்ட்டிக்கு லாரி லாரியாக அனுப்புவது, பணம் பிறகு வரும், பிறகு என்றால் எப்போது என்று அவள் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும், யாவாரம்னா நாலு எடத்துல நிக்கத்தான் செய்யும் என்று சொல்லியிருப்பார். ராத்திரிச் சாப்பாட்டில் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக அவள் காதில் விழும், மூலதனம்னா என்னங்க, நாம போட்டது, கடன்னா, ஊரான் போட்டது, ரெண்டும் ஒரே எடத்துலதான கெடக்கு, எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொல்கிறார், ஊரான் போட்டது ராத்திரி தூங்கவிடாது, அப்படித்தான் பிரிக்கிறது.

பாங்கில் பெரிதாகக் கடன் எடுத்த அன்று அவளையும் கூட்டிப்போனார், மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, இங்கே போடும்மா, இங்கே, இங்கே என்று மேனேஜர் பக்கம் பக்கமாகத் திருப்புகிறார், வடகாசி, வடகாசி, வடகாசி, தன் பெயரே அலுத்துப்போகிற அளவுக்கு எழுதுகிறாள், வீட்டுப் பத்திரம் மேஜைமேல் கிடக்கிறது, அப்பா மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தது, துணி மட்டும் அவள் மடியில் இருக்கிறது. கடைசியில், சாருடைய தலைக்கு ஒரு பாலிசி போட்டாகணும், அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா கடனை இன்சூரன்ஸ்காரனே கட்டிருவான், வீட்டுக்குச் சேதமில்ல, என்றார் மேனேஜர். வெளியே வந்து சர்பத் குடிக்கும்போது தர்மரத்தினம் ஒரே சிரிப்பு, கேட்டியா வடகாசி, சரக்கு காசாகணும்னா பார்ட்டி மனசு வைக்கணும், மில்லு காசாகணும்னா வாங்குறதுக்கு ஆள் வரணும், நம்மகிட்ட உடனே ரொக்கமாகிற சொத்து ஒண்ணே ஒண்ணுதான், அது நாந்தான். வாயக் கழுவுங்க, என்று அவள் தோளில் ஓர் அடி வைத்தாள், சர்பத் அவர் சட்டையில் சிந்தியது, அந்தக் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை, இதோ கொடியில் அந்தச் சட்டை இப்போதும் தொங்குகிறது.

அப்புறம் ஆடிட்டர் ஆபீசிலிருந்து மிட்டாய்ப் பொட்டலத்தோடு வருகிறார், பதினோரு லட்சம் லாபம்னு கணக்கு முடிச்சிருக்காக, என்று அவள் வாயில் ஒரு துண்டைத் திணிக்கிறார், இனித்தது, நிஜமாகவே இனித்தது, ரூபகலா கல்யாணத்துக்கு ஆச்சு என்று அவள் மனசு அங்கேயே பந்தல் போட்டுவிட்டது, பத்து நாள் கழித்து அவரே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார், உன் சங்கிலியைக் கொஞ்சம் கழத்திக் குடேன், வரி கட்டணும். லாபம் வந்ததுக்கா சங்கிலியை அடகு வைக்கிறது, என்று கேட்டுக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள், கழுத்து லேசாக இருந்தது, மனசு இல்லை. மறுநாள் அவரிடம் சொல்லாமல் ஆடிட்டரிடமே போய் நின்றாள், பதினோரு லட்சம் எங்க சார் இருக்கு. அவர் நல்ல மனுஷர், நாற்காலி போட்டுப் பொறுமையாகச் சொன்னார், சரக்கை ஏத்திப் பில்லு போட்ட அன்னைக்கே வித்ததா ஆச்சும்மா, பணம் வந்தாத்தான் லாபம்னு இல்ல. அப்ப பணம் எங்க. கொல்லத்துல இருக்கு, வரவேண்டிய பாக்கி. வராமப் போனா. வாராக்கடன்னு எழுதித் தள்ளிருவோம். அவளுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாகிவிட்டது, எழுதித் தள்ளினால் போய்விடுமா, அப்ப பாங்குல நாம வாங்குனதையும் அப்படி எழுதித் தள்ளிரலாமா சார், ஆடிட்டர் சிரித்தார், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார், அது முடியாதும்மா, நமக்கு வரவேண்டியது வராமப் போகலாம், நாம குடுக்க வேண்டியதைக் குடுக்காமத் தப்ப முடியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அந்தச் சுரைக்காய்க்கு வரியும் கட்ட வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. பஸ் ஸ்டாண்டு வெயிலில் நின்றாள், அவளுக்கு அதுவரை தெரிந்த கணக்கு ஒன்றுதான், பானையில் இருந்தால் அரிசி, இல்லையென்றால் இல்லை, இப்போது எல்லாமே புரிந்துவிட்டது, புரியாத பொம்பளையாகவே இருந்து தொலைத்திருக்கலாம்.

கொல்லத்துப் பார்ட்டி திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்று செய்தி வந்தபோது தர்மரத்தினம் தோசை தின்றுகொண்டிருந்தார், போனை வைத்துவிட்டு மிச்சத் தோசையையும் தின்றார், கை கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பாங்கிலிருந்து தாக்கீது வந்தது, பணத்தைக் கட்டாவிட்டால் வீடு ஏலம் என்று, வீடு என்று அதில் போடவில்லை, அடமானச் சொத்து என்று போட்டிருந்தது, அவள் கோலம் போடுகிற வாசலுக்கு அவர்கள் வைத்த பெயர். அவர் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார், மாத்திரை விக்கிற விலைக்கு யாரால முடியும், ஓடுற மட்டும் ஓடட்டும், என்றார், அவள் கத்தினாள், தன் கம்மலைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள், இதை வித்து மாத்திரை வாங்குங்க, அவர் கம்மலை எடுத்து அவள் கையில் வைத்து மூடினார், நீ போட்டுக்க, அழகா இருக்கு, என்கிறார், இப்போதும் சொல்கிறார், பெட்டிக்குள்ளிருந்து சொல்கிறார், கண்ணாடியில் ஆவி படிந்து முகம் மங்குகிறது, அவள் முந்தானையால் துடைக்கிறாள்.

மதினி, என்று காதருகே குரல், கொழுந்தன் ஜவகர் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான், இப்பச் சொல்லக்கூடாது, ஆனா நீங்க மனசை விட்டுறக்கூடாதுன்னு சொல்றேன், பாங்குல பேசிட்டேன், அண்ணன் தலைக்குப் போட்ட பாலிசி உயிரோட இருக்கு, தவணை ஒண்ணுகூட விடாமக் கட்டியிருக்காக, கடன் அதுல அடைஞ்சிரும், வீடு போகாது மதினி. அப்பாடா என்று ஒரு மூச்சு, அவளைக் கேட்காமலே வந்துவிட்டது, வந்த பிறகுதான் உடம்பெல்லாம் கூசியது, இதென்ன சென்மம், செத்த புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து விடுகிற மூச்சா இது, மாத்திரைக்குக் காசில்லை என்றவர் இந்தத் தவணைக்கு மட்டும் எங்கே புரட்டினார், கேட்டால் சிரிப்பார், சர்பத் கடையில் சிரித்த அதே சிரிப்பு, பாவி மனுஷா, பாவி மனுஷா, இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, வீடே அதிர அழுதாள், கூடியிருந்தவர்கள், அப்பாடா, அழுதுட்டா, என்று ஆறுதல் பட்டுக்கொண்டார்கள்.

குளிப்பாட்டிப் பந்தலுக்கடியில் கிடத்தியிருக்கிறார்கள், மொதல்ல நீ வாய்க்கரிசி போடும்மா, மூணு தடவ, என்கிறார் ஊர்ப் பெரியவர், தட்டில் பச்சரிசி, வடகாசி ஒரு பிடி அள்ளுகிறாள், அப்பா படியைத் தலைதட்டி நிமிர்த்துகிறார், நிலைப்படியில் சாய்ந்து ஒருவர் சிரிக்கிறார், விரலிடுக்கில் அரிசி நழுவி அவர் உதட்டின்மேல் விழுகிறது, லாபம் என்கிறது அவள் வாய். யாரோ ஐயோ என்றார்கள், அரிசிக் கடைக்காரர் மக, பழக்கத்துல சொல்லிட்டா, என்று யாரோ சமாளித்தார்கள், ஜவகர் தலையைக் குனிந்துகொண்டான். ம், அடுத்த பிடி போடும்மா, என்கிறார் பெரியவர், அவள் கை தட்டிலேயே கிடக்கிறது, வாயைத் திறந்து திறந்து பார்க்கிறாள், ரெண்டு என்று வரவில்லை.