மெக்கானிக் வீட்டு வாசலில் விமானம்

செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கக் கதவைத் திறந்தவர்கள் பார்த்தபோது, நூற்றெண்பது பேர் உட்காரும் விமானம் ஒன்று மெக்கானிக் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. யாரும் ஓட்டி வரவில்லை. நெரிசலான பேருந்தில் தோளைக் குறுக்கிக்கொள்வோமே, அப்படி இறக்கைகளை ஒடுக்கிக்கொண்டு, மூக்கை அவர் வீட்டு ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு நின்றது. எப்படி வந்தது என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! ஊஹூம். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எங்கே விடுவது என்று சத்தம் போட்டார். மாடிவீட்டு அம்மாள் வெயில் மறைக்கிறது, துணி எப்படிக் காயும் என்றாள். எங்கள் தெருவின் அறிவு அவ்வளவுதான்.

அது வந்ததற்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமை பயணிகள் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்ட பிறகு, மெக்கானிக் அதைக் கிளம்ப விடாமல் நிறுத்திவிட்டார். இன்ஜினைத் தாங்கும் இரும்பில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். அவர் கையெழுத்துப் போடாமல் விமானம் நகராது. அவர் போட மாட்டேன் என்றார். அவர் ஒன்றும் அடக்க ஒடுக்கமான ஆள் இல்லை, மேனேஜரின் மூஞ்சிக்கு நேராகவே கத்தினார். உள்ளே பைலட் தேன் ஒழுகும் குரலில் மன்னிப்புக் கேட்டார், பயணிகள் கைதட்டினார்கள். விமானத்தை விட்டு இறங்கும்போது மெக்கானிக்கைப் பார்த்து ஒருவர் தண்ணீர் பாட்டிலை எறிந்தார். மாலைக்குள் அவருக்கு சஸ்பென்ஷன். கால் நூற்றாண்டாக அவர் தொட்டு அனுப்பிய விமானங்களில் பறந்து, பத்திரமாக இறங்கி, பைலட்டோடு நின்று படம் எடுத்துக்கொண்ட ஊர் இது. வேறென்ன செய்யும்?

பாட்டில் எறிந்தவர் யார் தெரியுமா? மெக்கானிக்கின் வருங்காலச் சம்பந்தி. தன் மகனுக்கு மெக்கானிக்கின் மகளைப் பேசி முடித்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா விமானத் துறையில் பெரிய ஆள் என்று அவளுடைய தாய்மாமன் அளந்துவிட்டிருந்தார், அவர்களும் வாயைப் பிளந்து நம்பியிருந்தார்கள். ஜன்னல் வழியாகக் கிரீஸ் கறைச் சட்டையில் அவரைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. ஓட்டலுக்குத் திரும்பிப் போய், "ஸ்பேனர் புடிக்கிறவர் வீட்ல எங்களுக்குச் சரிப்படாது" என்று போனில் முடித்துக்கொண்டார்கள். அந்த ஸ்பேனரால்தான் போன் பேச உயிரோடு இருக்கிறோம் என்பது ஒரு மண்டையிலும் ஏறவில்லை. பெண்ணுக்கோ பையனைப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன், அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மேனேஜர் மற்ற மெக்கானிக்குகளைக் கேட்டுப் பார்த்தார். ஒவ்வொருவரும் விரிசலில் டார்ச் அடித்துப் பார்த்து, டார்ச்சை அணைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். சரி, வெளியூரிலிருந்து சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடும் ஆளைப் பிடிக்கலாம் என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோதுதான் விமானம் கிளம்பி இந்தத் தெருவுக்கு வந்துவிட்டது. இழுவை வண்டி கொண்டுவந்தார்கள். வண்டிதான் பின்னால் போயிற்று. பைலட் தொப்பியோடு வந்து ஏறினார். தெருவே அவரோடு செல்பி எடுத்தது. விமானம் ஒரு இருமல்கூட இருமவில்லை.

தாய்மாமன் ஓடி வந்தார். "மாப்ளே, ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டா வேலையும் திரும்பி வரும், சம்பந்தமும் திரும்பி வரும். பொண்ணு முகத்தைப் பாருங்க."

"போடறேன் மச்சான். நீங்க மொதல்ல ஏறி உக்காருங்க."

மச்சானுக்குத் திடீரென்று அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. மெக்கானிக் மகளின் முகத்தைப் பார்த்தார், பேனா வைத்திருந்த பையைத் தொட்டார். அழுது வீங்கிய கண்ணோடு அவள்தான் சொன்னாள்: "போடாதீங்கப்பா."

கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார். வெட்கத்தால் அல்ல, மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதால். சஸ்பென்ஷன் ரத்தாயிற்று, புது இரும்பு வந்தது. மெக்கானிக்கும் தோழர்களும் தெருவிலேயே சாரம் கட்டி, கெட்ட வார்த்தையும் வேலையுமாக மாற்றி முடித்தார்கள். வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போட்டார். பயணிகளைப் பேருந்தில் தெருவுக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். தங்கள் ஊருக்கு வேறு விமானம் இல்லாததால் சம்பந்தி குடும்பமும் வந்து நின்றது.

படியில் கால் வைத்த சம்பந்தி, வைத்த காலை எடுத்துவிட்டார். பைலட் சிரித்த முகமாக வாருங்கள் என்கிறார், இவர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கிரீஸ் சட்டைக்காரரிடம் வந்து, "சார், ஏறலாங்களா?" என்றார். அந்த விமான நிலையம் கட்டிய நாளிலிருந்து எந்தப் பயணியும் எந்த மெக்கானிக்கிடமும் கேட்டிராத கேள்வி அது. பயம்தான் கேட்க வைத்தது, மரியாதை இல்லை. இருந்தாலும் கேட்டார்.

"நான் பாத்துட்டேன். ஏறுங்க."

பையனின் அம்மா சட்டென்று குழைந்து, விட்ட பேச்சைத் திரும்பத் தொடங்கலாமே என்றாள். பின்னால் நின்ற பையன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண் அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"மொதல்ல பத்திரமா ஊர் போய்ச் சேருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள்.

விமானம் தெருவிலிருந்தே கிளம்பியது. அவர்களை அவர்கள் ஊரில் இறக்கிவிட்டு, சாயங்காலம் மெக்கானிக் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டது.