புது மெயிலுக்கு மாறிய வாரம்

தண்ணீர் பம்பு விற்கிற கம்பெனி எங்களுடையது. வருகிற புகார்களுக்குப் பதில் எழுத எட்டுப் பேர் இருந்தோம். என் பக்கத்து மேசைக்காரருக்கு அவர் காதுபடாமல் நாங்கள் வைத்த பெயர் டாண் சார். டாண்ணு ஒன்பது மணிக்கு நாற்காலியில் இருப்பார். வயது ஐம்பத்து நான்கு. பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே வேலை. வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கிற ஆள்கூட அவர் பதிலைப் படித்தால் தணிந்துவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை எல்லார் கம்ப்யூட்டரிலும் பழைய மெயில் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டார்கள். அன்று முழுக்க ஒரே கூச்சல். எந்தப் பட்டன் எங்கே என்று ஆளாளுக்குத் தடுமாறினோம். டாண் சாரும் கேட்டார்.

"பழைய மெயிலெல்லாம் எங்கேம்மா?"

காட்டினேன்.

புதன்கிழமைக்குள் எங்களுக்குக் கை பழகிவிட்டது. அவர் மட்டும் தினமும் காலையில் அதே கேள்வியை, முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டார். அடுத்த வாரம் வியாழக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், மெயிலை மாத்தினாங்களா, இல்ல உங்க மூளையை மாத்திட்டாங்களா?"

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு ஒரு துண்டுச் சீட்டை இழுத்து ஏதோ எழுத ஆரம்பித்தார்.

மதியம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது ஒரு புகாரின் நம்பர் அவசரமாகத் தேவைப்பட்டது. எங்காவது குறித்திருப்பார் என்று அவருடைய கீபோர்டைத் தூக்கினேன். அடியில் துண்டுச் சீட்டுகள். ஒன்பது. எல்லாவற்றிலும் அவருடைய அழகான கையெழுத்தில் அதே நாலு வரி: முதலில் எதை அழுத்துவது, பழைய மெயில் எங்கே இருக்கும். தேதி மட்டும் வேறு வேறு. தினமும் எழுதியிருக்கிறார். எழுதியதையே தினமும் மறந்திருக்கிறார்.

மேலாளரிடம் போகவில்லை. மாடிப்படியில் நின்று டாண் சாரின் மனைவிக்குப் போன் செய்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். மறதி நோய், ஆரம்பித்து இரண்டு வருடமாவது ஆகியிருக்கும் என்றாராம் டாக்டர். பழகிய வேலையைக் கை தானாகச் செய்துகொண்டிருந்ததால் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய பொருட்களை எடுத்துப்போக மனைவி வந்தார். ஒரு ஸ்வெட்டர், டம்ளர், படிக்கிற கண்ணாடி. பையில் போட்டுக் கொடுத்தேன்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சாரைக் கிண்டல் பண்ணிட்டேன்க்கா."

"அவருக்கு அது ஞாபகமே இல்லம்மா," என்றார், என்னைத் தேற்றுவதுபோல.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல கூடவே இருக்கேன், எனக்கே தெரியலையே. அடுப்பு இருந்த இடத்துல அடுப்பு, சாவி இருந்த இடத்துல சாவி. அடுத்த மாசம் வேற வீட்டுக்குப் போறதா இருந்தோம். மகதான் பார்த்து வச்சிருந்தா. இனி அவருக்குப் புது இடம் வேண்டாம்னுட்டேன்."

பையைத் தூக்கிக்கொண்டு நானும் கீழே போனேன். காரின் முன் இருக்கையில் டாண் சார், இஸ்திரி போட்ட சட்டையோடு, முழங்கால்மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சாப்பிட்டாச்சாம்மா?"

யாரென்று தெரிந்து கேட்டாரா, தெரியாது.

"ஆச்சு சார்," என்றேன்.