பதினெட்டு நிமிஷ வேலை

அவள் பட்டறையில் ஒரே மாதிரி இரண்டு வேலை வருவதே அபூர்வம். எங்கும் கிடைக்காத பழைய இயந்திர உதிரிபாகங்களைக் கடைந்து கொடுப்பதுதான் தொழில். எதுவானாலும் ஒன்று, மிஞ்சிப்போனால் மூன்று. லேத்தைவிட அவள் கால்கள்தான் அதிகம் சுற்றின.

விடுமுறை நாளில் அவளைப் பார்க்க வந்த அண்ணி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஸ்டூலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு புஷ் வளையம் கடைய தொண்ணூறு நிமிஷம் ஆச்சு உனக்கு. அதுல லேத் ஓடினது பதினெட்டு நிமிஷம்தான். மிச்ச நேரமெல்லாம் ஸ்பேனர் எங்கே, டூல் எங்கேன்னு தேடிட்டிருந்தே.”

“இது என்ன கார் கம்பெனியா அண்ணி? ஒரே சாமானை ஆயிரம் போட்டா நானும் ஒழுங்கா வெச்சுப்பேன். இங்க ஒவ்வொண்ணும் ஒரு தினுசு.”

“நாங்க மட்டும் தினமும் ஒரே வயித்தையா கிழிக்கிறோம்? ஆள் வேற, வியாதி வேற. ஆனா வேண்டிய கருவியெல்லாம் தட்டுல ரெடியாகாம கத்தியைத் தொடமாட்டோம்.”

“இத்தனை வருஷம் தட்டு வெச்சா பொழச்சோம்?” என்று பட்டறையின் ஒரே வேலையாளான, மில்லிங் மெஷின் ஓட்டும் மில்லிங்காரர் முணுமுணுத்தார்.

மறுநாளே ஆறு தகரத் தட்டுகள் வாங்கி வந்தாள். ஒரு வேலை ஓடும்போதே அடுத்த வேலைக்கான வரைபடம், டூல், ஸ்பேனர் எல்லாம் தட்டில் ஏறிவிட வேண்டும். லேத்தைக் கழற்றி மாட்டாமல் ஒரே அமைப்பில் முடிகிற வேலைகளை அடுத்தடுத்து வைத்தாள். முதல் இரண்டு நாள் தட்டை நிரப்பவே முழி பிதுங்கியது. மூன்றாம் நாள், யாரும் சொல்லாமலே, மில்லிங்காரர் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் சாக்பீஸால் வரைந்து, அதை மாட்ட ஆணியடித்தார்.

அடுத்த வாரம் ரொட்டிக்கடைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் மாவு பிசையும் இயந்திரத்தின் உடைந்த தண்டு.

“நாலு நாள் ஆகும்னு மட்டும் சொல்லிடாதம்மா!”

அவள் தண்டை அளந்தாள். காத்திருந்த தட்டுகளைப் பார்த்தாள். “மூணு மணிக்கு வாங்க.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. ஆனால் இரண்டே முக்காலுக்குத் தண்டு துடைத்து, எண்ணெய் பூசித் தயாராக இருந்தது. ரொட்டிக்கடைக்காரர் அதைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு போனார். ஐந்து மணிக்குத் தட்டுகள் அத்தனையும் காலி. “நாம மூணு பேரும் சீக்கிரமே வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லி அவள் கதவைப் பூட்டியபோது, பட்டறையில் இருந்தது இருவர்தான் என்று மில்லிங்காரர் திருத்தினார். சந்தோஷத்தில் அவள் அங்கே இல்லாத அண்ணியையும் சேர்த்து எண்ணிவிட்டாள்.

மறுநாள் காலையில் மில்லிங்காரர் ஒரு மாதிரி முகத்தோடு வந்தார்.

“என்னண்ணே ஆச்சு?”

“நேத்து வெளிச்சத்துலயே வீட்டுக்குப் போனேனா? கதவைத் திறந்ததும் என் வீட்டுக்காரி நெத்தியைத் தொட்டுப் பாக்குறா. காய்ச்சலாம்! வேலை முடிஞ்சுதுன்னா நம்பவே மாட்டேங்கிறா. நீதான் போன் பண்ணிச் சொல்லணும்.”